கறுப்புப் படம்

செவ்வாய்

இன்று மாலை ஏழு பத்துக்கு நான் எடுத்த இருபத்துமூன்றாம் படத்தில், அறையில் இல்லாத ஓர் ஆள் நிற்கிறார்.

வகுப்புக் குறிப்பேட்டில் இதை எழுத இடமில்லை. அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஏழு கட்டங்கள்: படத்தின் எண், கேமராவின் எண், நேரம், அறை வெப்பம், எடுத்த பொருள், படத்தின் முதுகில் அச்சாகியிருக்கும் பெட்டி எண், கடைசியாகப் படத்தாள் தயாரான மாதம். பயந்தேன் என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. பகலில் நான் வேலை செய்யும் பால் சங்கத்தின் பரிசோதனை அறையிலும் அப்படித்தான். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, அதோடு முடிந்தது. ஆகவே இந்தத் தனி நோட்டு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் எங்கே தவறு என்று தெரிந்துவிடும். எங்கே தவறு என்று எனக்கு இப்போதே தெரியும். இருந்தாலும் வரிசையாகவே எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பு தூத்துக்குடியில், பழைய தொழிற்பயிற்சிக் கட்டிடத்தின் மாடியில், மாலை ஆறிலிருந்து எட்டு வரை. பதினான்கு பேர் படிக்கிறோம். முடித்தால், கோர்ட்டில் செல்லும் படம் எடுக்கப் படச்சாட்சி உரிமம். கேமராக்கள் எல்லாம் எங்கள் அப்பா அம்மாக்களைவிட வயதானவை. அழுத்தினால் வயிற்றிலிருந்து படத்தை நாக்கு நீட்டுவதுபோல் வெளியே தள்ளும். சிப் உள்ள எந்தக் கருவி எடுத்த படமும் சாட்சிக்கு ஆகாது என்று ஐந்தரை வருடம் முன்பு சட்டம் வந்தது. அதன்பிறகு பரண்களில் கிடந்தவையும், துறைமுகத்தில் யாரும் உரிமை கேட்காமல் ஏலத்துக்கு வந்தவையும் இப்படி வகுப்பறைக்கு ஏறி வந்துவிட்டன.

முதல் வாரம் எங்களுக்கு ஐஸ் கொண்டுவந்த கஸ்பார் அண்ணன், போனில் அழகாக விழுகிற படத்தை விட்டுவிட்டு இந்த மஞ்சள்காமாலைப் படங்களை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று தவசிக்கனி சாரிடம் கேட்டார். சார் முன்பு போக்குவரத்து கேமராக்களைப் பழுது பார்த்தவர். சட்டம் வந்ததும் அந்த வேலை போய், இந்த வேலைக்கு வந்தார்.

"நீங்களும் நானும் நிலாவுல நின்னு டீ குடிக்கிற மாதிரி ஒங்க போன்ல படம் பண்ண எவ்வளவு நேரம் ஆவும்?" என்றார் சார்.

"அர நிமிசம்."

"அத கோர்ட்ல நீட்டுனா?"

"சிரிப்பாவ."

"இதுல அது முடியாது. ஒரு அழுத்து, ஒரு படம், ஒரு நேரம். இதுக்கு உள்ள மதிப்பே அதான்."

மதிப்பு எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர், தங்கை மகளின் காதுகுத்தில் இருந்ததைக் காட்டப் போனில் நாற்பது படம் வைத்திருந்தும், ஒரே ஒரு தாள் படம் இல்லாததால் எட்டு மாதம் உள்ளே இருந்தார். இப்போது படச்சாட்சி வராமல் எங்கள் தெருவில் காதுகுத்து நடப்பதில்லை.

ஐஸ் எதற்கென்றால், படம் வெளியே வந்ததும் கால் மணி நேரம் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். தூத்துக்குடி வெயிலில் விட்டால் எல்லாம் ஆரஞ்சு நிறமாகிவிடும். கஸ்பார் அண்ணன் ஐஸ் ஆலையிலிருந்து மீன் பெட்டியில் தூள் ஐஸ் கொண்டுவந்து தருவார். அதற்குள் டிபன் பாக்ஸை வைத்து, அதற்குள் படத்தைக் கவிழ்த்து வைப்போம். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் இலேசாக மீன் வாடை உண்டு.

கஸ்பார் அண்ணன் தினமும் தானே வருவதற்குக் காரணம் ஐஸ் அல்ல, ஜெசிந்தா அக்கா. என் பக்கத்து இருக்கை. வயது முப்பத்தைந்து, மீன் ஏலக்கூடத்தில் கணக்கெழுதுகிறார். அவருடைய வீட்டுக்காரர் டெரன்ஸ் போன படகு திரும்பவில்லை. இன்றோடு ஆறு வருடம், பதினோரு மாதம், நான்கு நாள். ஏழு வருடம் முடிந்தால் கோர்ட் அவரை இறந்தவர் என்று அறிவிக்கும். அந்த உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கோயிலில் ஜெசிந்தா அக்காவுக்கும் கஸ்பார் அண்ணனுக்கும் கல்யாண ஓலை வாசிப்பார்கள். அந்த ஏழு வருடத்துக்குள் ஆளைப் பார்த்ததாக ஒரு படச்சாட்சி வந்தால் போதும், எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மனுவை அழகான கையெழுத்தில் எழுதித் தந்தது நான்தான். அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு, மேல்வரிசை முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

இனி இன்று நடந்தது. எனக்குக் கிடைத்தது மூன்றாம் எண் கேமரா, துறைமுக ஏலத்தில் வந்தது. நேற்றுதான் சார் அதற்கு வெளியிலிருந்து பேட்டரி வயர் இழுத்துச் சரிசெய்திருந்தார். உள்ளே யாரோ பாதி எடுத்துவிட்ட படத்தாள் பெட்டி அப்படியே இருந்தது. மிச்சம் ஒன்று என்று காட்டியது. அடுத்தவர் கைபட்ட கேமராவை எடுத்தால் முதலில் உள்ளங்கையால் அதன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை அழுத்த வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். வெளியே வரும் படம் முழுக்கக் கறுத்திருக்க வேண்டும். அதற்குக் கறுப்புப் படம் என்றே பெயர். பேட்டரி தளர்ந்த கேமராவில் கண் திறந்து மூடியிருக்கும், ஆனால் படத்தை வெளியே தள்ளத் தெம்பு இருந்திருக்காது. அப்படி அரைகுறையாய் நின்றுபோன தாள் உள்ளே கிடக்கலாம். அதைக் கழிக்கத்தான் கறுப்புப் படம்.

மாதத்துக்குப் பதினாறு தாள்தான் எங்களுக்குத் தருவார்கள். இருக்கும் ஒரே தாளைக் கறுப்பாக்க எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகையில் இன்றைய தேதி எழுதியிருந்தது. அதை நோக்கி அழுத்தினேன்.

கால் மணி கழித்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். கரும்பலகை இருந்தது. தேதி இருந்தது. தேதிக்குப் பின்னால், மார்புக்கு மேல் ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். "டெரன்சு" என்றார், சத்தமில்லாமல். கையிலிருந்த டிபன் மூடியை மேசையில் வைக்கப்போய், மேசை அங்கே இல்லாததுபோல் கீழே விட்டார்.

எல்லாரும் கூடிவிட்டார்கள். சார் படத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "இசக்கி, கறுப்புப் படம் எடுத்தியா?"

"எடுத்தேன் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத முயன்று மூன்று வரி அடித்துவிட்டேன். எடுத்தேன் என்று சொன்னதால் அது கலப்பில்லாத படம். ஒரு அழுத்து, ஒரு படம், ஒரு நேரம். இன்றைய தேதியோடு டெரன்ஸ் உயிருடன் இருக்கிறார். சார் அதை உறையில் போட்டு முத்திரை வைத்தார். படத்தை அழிப்பது குற்றம், பயிற்சிப் படமானாலும் படச்சாட்சிப் பதிவகத்துக்குப் போயாக வேண்டும்.


வெள்ளி

மூன்று நாளாக கஸ்பார் அண்ணன் வரவில்லை. ஆலையிலிருந்து வேறு யாரோ ஐஸை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வகுப்பில் ஒருவர் மூன்றாம் எண் கேமராவுக்கு ஒரு முழம் பூப் போட்டு வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா அக்கா வருகிறார், என் பக்கத்தில் உட்காருகிறார், கேமராவைத் துடைக்கிறார். டெரன்சின் அம்மா சிலுவைக்கு முன் இரண்டு நாளாக மெழுகுவர்த்தி அணையாமல் வைத்திருப்பதாக அக்கா சொன்னார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பரிசோதனை அறையில் இன்று ஒரே பால் மாதிரியை மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் ஒரே அளவு வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

படத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு விஷயம்: டெரன்சின் வலது தோள் கரும்பலகையின் மரச்சட்டத்தோடு நேர்கோட்டில் நின்றுவிடுகிறது. பலகைக்கு அப்பால் வெள்ளைச் சுவர். சுவரில் அவர் தோள் இல்லை. அறையில் நின்ற ஆள் என்றால் பலகையோடு எப்படி முடிவார்? ஒரே தாளில் இரண்டு முறை வெளிச்சம் விழுந்தால், இரண்டாம் முறை இருட்டாக இருந்த இடத்தில்தான் முதல் படம் தங்கும். வெள்ளைச் சுவர் அவரை அழித்துவிட்டது, கரும்பலகை விட்டுவைத்திருக்கிறது. இன்னொன்று: எங்கள் குழல்விளக்கு மேலே இருக்கிறது, அவர் முகத்தில் வெளிச்சம் பக்கவாட்டில், வெயில்.

நாளை சாரிடம் சொல்ல வேண்டும்.


திங்கள்

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இரண்டு முறை படியேறித் திரும்பி வந்து, மூன்றாம் முறை சொன்னேன்.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைத் திறந்து பார்த்தார். பழைய பெட்டியை எடுக்காமல் வயர் இழுத்தது தன் தவறுதான் என்றார். பிறகு, "நீ சொன்னத அப்பிடியே எழுதிக்குடு. எழுதிக்குடுத்தா மட்டும் போதாது. அதே மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டணும்" என்றார்.

மோட்டாருக்குப் போகும் வயரை மட்டும் கழற்றிவிட்டால் கண் திறந்து மூடும், படம் வெளியே வராது. பகலில் வெயிலில் நிற்கும் ஓர் ஆளை எடுத்து, படத்தை உள்ளேயே வைத்திருந்து, மாலையில் வயரை மாட்டிக் கரும்பலகையை எடுக்க வேண்டும். நிற்க ஆள் வேண்டும். ஜெசிந்தா அக்காவிடம் என் பொய்யைச் சொன்னபோது அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். "கஸ்பாரு நிப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் நேற்று விடுமுறை நாளில் ஐஸ் ஆலை முற்றத்தில் கஸ்பார் அண்ணனை நிறுத்தி வைத்து மூன்று கேமராக்களில் அழுத்தினேன். "நான் பேயா நிக்கணும், அவ்வளவுதான?" என்றார் அவர். முதல் கேமராவுக்குச் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவரு எப்பிடி நின்னாரு? கொஞ்சம் சொல்லேன், அதே மாதிரி நிக்கேன்."

"சிரிச்சுக்கிட்டு நின்னாரு அண்ணே."

"சந்தோசமாவா?"

ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சிரித்தபடி நின்றார். நான் அழுத்தினேன்.

இன்று மாலை சார் முன்னால் வயர்களை மாட்டிக் கரும்பலகையை எடுத்தோம். மூன்றில் ஒன்று வீணாகிவிட்டது. இரண்டில் கஸ்பார் அண்ணன் கரும்பலகைக்குள் நின்றார், தோள் மரச்சட்டத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. அண்ணனே படத்தை வாங்கிப் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்கான், ஆனா இங்க இல்ல" என்றார்.

ஒரு குறிப்பு. கஸ்பார் அண்ணனின் நிறம் தெளிவாக வந்திருக்கிறது. டெரன்சின் நிறம் பழுத்திருந்தது. தாள் பழையதாக இருக்கும், அல்லது உள்ளே வெகுகாலம் கிடந்திருக்கும். எவ்வளவு காலம்?


விசாரணை நாள்

பதிவகத்தில் விசாரணை அலுவலர் ஒரு பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை மூக்குக்கு அருகே வைத்துப் பார்ப்பவர். டெரன்சின் அம்மா ஜெபமாலையோடு வந்து பின்வரிசையில் இருந்தார். ஜெசிந்தா அக்கா அவர் பக்கத்தில்.

"மொதல்ல கறுப்புப் படம் எடுத்தேன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்க. எது பொய்?"

"மொதல்ல சொன்னது மேடம்."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பயம் மேடம்."

அதையும் எழுதிக்கொண்டார். பயம் என்று ஒரு கட்டம் பதிவகத்தில் இருக்கிறதுபோல. பிறகு கஸ்பார் அண்ணனின் படத்தையும் இருபத்துமூன்றாம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தோளைப் பார்த்தார், மரச்சட்டத்தைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். முதல் படம் எப்போது எடுத்ததாக இருக்கும் என்று சாரைக் கேட்டார். ஏலத்தில் வந்த பழைய கேமரா, எந்தக் காலத்துத் தாளோ, டெரன்ஸ் கடலுக்குப் போவதற்கு முன்னால் கரையில் யாராவது வெளிநாட்டுக் கப்பல்காரர்கள் எடுத்திருக்கலாம் என்றார் சார். நான் தலையாட்டினேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்தப் படம் சாட்சி ஆகாது என்று முத்திரை விழுந்தது. என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் எச்சரிக்கை. இன்னொரு பொய்ப் பதிவு கண்டுபிடிக்கப்பட்டால் உரிமம் என்றைக்கும் கிடையாது.

வெளியே வரும்போது டெரன்சின் அம்மா என் கையைப் பிடித்தார். "அப்ப எம் மவன் அந்த ரூம்புல நிக்கலியாம்மா?"

"இல்லம்மா. அது பழைய படம்."

அவர் எப்போது கையை விட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. படியிறங்கி பஸ் ஸ்டாப் வரும்வரை என் கை அப்படியே நீட்டியபடி இருந்திருக்கிறது.


ஞாயிறு

ஏழு வருடம் முடிந்தது. உத்தரவும் வந்துவிட்டது. மனு முன்பே தயாராக இருந்ததால் அதிக நாள் பிடிக்கவில்லை. இன்று கோயிலில் முதல் ஓலை. நான் அவர்கள் மதம் இல்லை, வாசலை ஒட்டி நின்று கேட்டேன். பங்குத்தந்தை இரு பெயரையும் இரு பெற்றோர் பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். இப்படி மூன்று ஞாயிறு கேட்பார்களாம். ஜெசிந்தா அக்கா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேரே பார்த்திருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய்யைத் திருத்தினால் இப்படி இருக்கும் என்று நினைத்தேன்.


புதன்

அடுத்த வாரம் குறிப்பேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். கடைசிக் கட்டமான தயாரான மாதத்தை நான் மொத்தமாகத்தான் நிரப்புவேன். அதற்குப் பெட்டி எண்ணைப் பிரித்துப் படிக்க வேண்டும். அந்த வழி ஒவ்வொரு பெட்டியோடும் வரும் சின்னத் துண்டுத்தாளில் இருக்கிறது. எல்லாரும் அதை ஐஸ் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். நான் அட்டையின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் எழுத்து வருடம். சட்டம் வந்தபின் இங்கே தொடங்கிய படத்தாள் ஆலையின் முதல் வருடம் க. அடுத்தது ங, அடுத்தது ச, பிறகு ஞ. இந்த வருடம் ட. எழுத்துக்குப் பின் வரும் எண் மாதம்.

படம் ஒன்று, ட-2. படம் இரண்டு, ட-2. இப்படியே வந்தேன். படம் இருபத்துமூன்றின் முதுகில் இருந்த எண்ணை அன்றைக்கே, படம் உறைக்குள் போவதற்கு முன், பழக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ச-6.

எந்தக் காலத்துத் தாளோ இல்லை. நம்முடைய ஆலையின் தாள். அந்த ஆலை தொடங்கியதே டெரன்சின் படகு காணாமல் போய் இரண்டு வருடம் கழித்து. ச என்றால் மூன்றாம் வருடம். ஆறாம் மாதம்.

விரல் விட்டு எண்ணினேன். தாளில் எழுதி எண்ணினேன். என் எழுத்தில் ச-வும் க-வும் குழம்புமா என்று பழைய பக்கங்களைப் பார்த்தேன். குழம்பாது. குழம்பினாலும் பயனில்லை, க என்றாலும் படகு போன பிறகுதான். பெட்டி தயாராகும் முன் அதற்குள் யாரும் நிற்க முடியாது. படகு போய் நாலரை வருடத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு வெயிலில், டெரன்ஸ் இந்தக் கேமராவுக்கு முன்னால் நின்று சிரித்திருக்கிறார். அவர் இந்த அறையில் இல்லை என்று நிரூபிக்க நான் பட்ட அத்தனை பாடும், அவர் வேறெங்கோ உயிரோடு இருந்தார் என்பதில் வந்து முடிந்துவிட்டது.

கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு மூடினேன்.


ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை அறிந்தவர்கள் என்று பங்குத்தந்தை வாசித்தபோது வாசலை ஒட்டிய தூணைப் பிடித்துக்கொண்டேன். என் மேல் யாருடைய கண்ணும் இல்லை. எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது.

சொன்னால்: உத்தரவு போகும், ஓலை நிற்கும், எண்ணிக்கை மறுபடி தொடங்கும். வரவே விரும்பாத ஓர் ஆளுக்காக ஜெசிந்தா அக்கா காத்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால்: ஒரு தாய் தன் மகன் கடலில் போய்விட்டான் என்றே நினைத்திருப்பார். அதைச் சொன்னவளும் நான்தான், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. இதற்கு முன் நான் தவறு செய்தது தெரியாமல் அல்ல, பயத்தில். இப்போது எது பயம், எது நியாயம் என்று பிரிக்க முடியவில்லை.


திங்கள்

பால் சங்கத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஏலக்கூடத்துக்குப் போனேன். காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா அக்கா கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த மீன் பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி இசக்கி, மீன் வாங்கவா வந்த? முகத்தப் பாத்தா மீனு மாதிரி இருக்கு."

நான் குறிப்பேட்டைத் திறந்து, துண்டுத்தாளைக் காட்டி, எழுத்தைக் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். சொல்லும்போது என் குரல் வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"இதத்தான் சொல்ல வந்தியா?"

"ஆமாக்கா."

"பல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எம் மனுவ எழுதுனது நீதான? மேல்வரிச முன்பல்லு பாதி ஒடஞ்சதுன்னு எழுதுன. அந்தப் படத்துல பல்லு முழுசா இருந்துச்சு. கட்டிருக்காவ."

நான் அந்தப் படத்தின் தோளைப் பார்த்தேன், மரச்சட்டத்தைப் பார்த்தேன், வெளிச்சம் விழுந்த பக்கத்தைப் பார்த்தேன். முதுகைக்கூடப் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை.

"கல்யாணமானதுலேருந்து சொன்னேன், அந்தப் பல்லக் கட்டுங்கன்னு. ஊசின்னா பயம்னாவ. எங்கயோ ஒருத்தி சொல்லிக் கேட்ருக்காவ." அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். "டிபன் பாக்ஸத் தொறந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். பேயாவும் வரல, நம்ம ரூம்புலயும் நிக்கல. நல்லாருக்காவ."

"அப்ப விசாரணையில ஏன் நீங்க..."

"எங்கிட்ட யாரு கேட்டா? ஒங்கிட்டக் கேட்டாவ, சாருட்டக் கேட்டாவ. பொண்டாட்டிக்கு என்ன தெரியும்னு விட்டுட்டாவ."

கழுவிய தண்ணீர் எங்கள் காலடியில் ஓடியது. நான் டெரன்சின் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அதைக் கேட்கத்தான் எனக்கு இத்தனை நாள் பயமாக இருந்திருக்கிறது.

"அத்தைட்ட விசாரண முடிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன். ஒங்க மவன் சாவல, பல்லு கட்டிட்டுச் சிரிக்காவ, நம்மளத்தான் வேண்டாம்னுட்டாவன்னு. எந்திரிச்சுப் போயி மெழுவத்திய ஊதி அணச்சாவ. அப்புறம், ஓலை வாசிக்கட்டும்னாவ."

"கஸ்பார் அண்ணனுக்கு?"

"சொல்லணும். எப்பன்னு தெரியல." அவர் கணக்கு நோட்டைத் திறந்து, எதையும் பார்க்காமல் மூடினார். "நீ எழுதணும்னா எழுது, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஒனக்குச் செவப்பு மை வேற இருக்கு. ஆனா இன்னொரு தடவ வந்து எங்கிட்ட இதச் சொல்லாத, என்னால ரெண்டு தடவ கேக்க முடியாது."


சமர்ப்பித்த நாள்

கட்டத்தில் எழுதிவிட்டேன். மாதம், வருடம், மற்ற எல்லாப் படங்களுக்கும் எழுதியதுபோலவே, அதே மையில், அதே அளவு எழுத்தில். எழுத்துப் பட்டியலும் அட்டையில் ஒட்டியே இருக்கிறது. படிக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம். பொய்ப் பதிவு என்று யாரும் சொல்ல முடியாது.

தவசிக்கனி சார் பக்கத்துக்கு ஒரு முத்திரையாகக் குத்திக்கொண்டே போனார். இருபத்துமூன்றாம் படத்தின் பக்கத்தில் கை ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. மையில் தோய்த்தார், குத்தினார், திருப்பினார். படித்தாரா, மை தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. குறிப்பேடு அலமாரியில் மற்றப் பதின்மூன்றோடு போய் நின்றது.

மறைத்தேனா, சொன்னேனா? இரண்டும் செய்தேன் என்றுதான் எழுத முடிகிறது.


சனி

மூன்றாம் ஓலையும் முடிந்து, இன்று காலை கல்யாணம். புது உரிமத்தோடு என் முதல் வேலை. கேட்டது ஜெசிந்தா அக்கா. பதிவகத்தில் கேமரா வாங்கப் போனபோது மிச்சம் இருந்தது, விசாரணைக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்ட மூன்றாம் எண்தான். வேறு கேமரா இருந்தால் மற்றவர்கள் அதை எடுப்பதில்லை. உள்ளே யாரோ பாதி எடுத்துவிட்ட பெட்டி. மிச்சம் நான்கு என்று காட்டியது.

பூசை முடிந்து இருவரும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். கஸ்பார் அண்ணன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டே இருந்தார். ஐஸ் பெட்டியை அவரே கொண்டுவந்து வைத்திருந்தார். மாப்பிள்ளை ஐஸ் தூக்குவதைச் சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். டெரன்சின் அம்மா ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தார். ஜெசிந்தா அக்கா கஸ்பார் அண்ணனிடம் சொல்லிவிட்டாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். இந்த முறை முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

உள்ளங்கையால் கேமராவின் கண்ணை மூடினேன். அழுத்தினேன். தாள் வெளியே வந்தது. அதைக் கவிழ்த்து டிபன் பாக்ஸில் வைத்து, பெட்டியில் இறக்கிவிட்டு நின்றேன். அந்தத் தாள் கழிந்தாலே போதும், அடுத்த தாளில் எடுத்துவிடலாம். விதியில் அவ்வளவுதான் இருக்கிறது. படம் முழுக்கக் கறுக்கிறதா என்று பார்க்காமல் நான் நகரவில்லை. வெயில் ஏறியது. யாரோ, படம் எடுக்க வந்ததா இல்லை ஐஸுக்குக் காவலா என்றார்கள்.

ஒன்பது நிமிடம் ஆனபோது டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன்.

ஜெசிந்தா அக்கா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். "யாரும் இருக்காவளா?"

"யாரும் இல்லக்கா" என்றேன்.

அவர் மூச்சு விட்டு, போய் கஸ்பார் அண்ணன் பக்கத்தில் நின்றார். நான் கேமராவைத் தூக்கினேன்.

படம் அப்போது சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. முழுதும் கறுக்க இன்னும் ஆறு நிமிடம் பாக்கி.